தாய்மாமன் பெயர் எழுதும் இடம்

டார்விஸ் துணை அமைச்சரானது ஊருக்கே தெரியும். ஆறு வயதில் அவனை இடுப்பில் தூக்கி, ஆற்றைக் கடந்து டச்சுக்காரன் பள்ளிக்கூடத்தில் விட்டது அவன் அக்கா ஷம்சினார் என்பது யாருக்கும் நினைவில்லை. அவளுக்கு அப்போது பதினொன்று. தம்பி படிக்கட்டும் என்று வீட்டில் அவளுடைய எழுத்துப் பலகையைப் பிடுங்கி அவனிடம் கொடுத்தார்கள். நல்ல நியாயம்! அவன் பாடாங் நகரம், தலைநகர் பத்தாவியா என்று ஏறிக்கொண்டே போனான். சட்டம் படித்தான், சுதந்திரம் வந்ததும் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தான். வானொலியில் அவன் குரல் வந்தால் இவள் அடுப்பில் ரெண்டாங் கறி தீய்ந்துபோகும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் ராணுவத்தார் அவன் கட்சிக்காரர்களை வேட்டையாடினார்கள். அவனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்தத் தீவில் அடைத்தார்கள் என்று கேட்கக்கூட எல்லோருக்கும் பயம்.

சில வருடங்கள் கழித்து ஷம்சினார் மகள் எர்னிதாவுக்கு அரசுப் பள்ளியில் ஆசிரியை வேலை கூடிவந்தது. கூடவே ஒரு படிவமும் வந்தது. எங்கள் மினாங் இனத்து வீடுகளில் அப்பனுக்கு முன்னால் தாய்மாமனைத்தான் கேட்பார்கள். படிவமும் அதையே கேட்டது. பிடிபட்ட கட்சிக்காரர்களின் உறவுக்கு அரசு வேலை கிடையாது.

"உசுரோட இருக்கான்னு எழுதுனா பொண்ணுக்கு வேலை போச்சு," என்றார் ஊர் குமாஸ்தா. "சின்னதுலயே செத்துட்டான்னு போடுவோம். எத்தனை வயசுல?"

"ஆறு." வாயில் வந்தது அதுதான்.

அம்மை நோயில் என்று குமாஸ்தாவே சேர்த்துக்கொண்டார். எழுத்து மறந்துபோன ஷம்சினார் கட்டைவிரலை வைத்தாள்.

பிடிபட்டுப் பதின்மூன்று வருடம் கழித்து, பல்லெல்லாம் கொட்டி டார்விஸ் திரும்பி வந்தான். ஊர் அலுவலகத்துக்குப் போய்விட்டு நேராக அவள் அடுக்களைக்கு வந்தான்.

"ஏன்க்கா, நான் ஆறு வயசுலயே செத்துட்டேனாமே? அப்ப நாடாளுமன்றத்துல அந்தக் கத்து கத்துனது யாரு?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "எர்னிதா வேலைக்காகத்தான்டா..."

"தெரியும்க்கா. எனக்கு இங்க பாய் போடாத. தொழுகைக் கூடத்துல படுத்துக்கறேன். யாராவது கேட்டா வழிப்போக்கன்னு சொல்லு."

இரண்டு மழைக்காலம் அவன் அங்கேயே கிடந்தான். அவள் வாழையிலையில் சோறு பொதிந்து அனுப்பினாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் செத்துப்போனான்.

எங்கள் ஊரில் ஆண்பிள்ளை எங்கே வாழ்ந்தாலும், செத்தால் அக்கா தங்கை வீட்டில்தான் கிடத்துவார்கள். ஆட்கள் அவள் வீட்டுப் படிக்கு வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் தாலுகா அதிகாரியும் நின்றிருந்தார்.

"எந்த வீட்டுக்குத் தூக்கிட்டு வர?" என்று ஆட்களில் ஒருவன் கேட்டான்.

ஆசிரியைச் சீருடையில் இருந்த எர்னிதா அம்மாவின் கையை இறுகப் பிடித்தாள்.

"அங்கயே குளிப்பாட்டிடுங்க," என்றாள் ஷம்சினார். அப்படிச் சொன்ன நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது அவளுக்கு.

ஆனால் புதைகுழி வரை போனாள். முதல் பிடி மண் விழுந்ததும் மார்பில் அடித்துக்கொண்டு கதறினாள். அதிகாரி பக்கத்தில் வந்தார்.

"ஏம்மா, வழிப்போக்கனுக்கா இந்த அழுகை? உனக்கு இவன் என்ன உறவு?"

"இவர் யாரோ, எவரோ. எனக்கொரு தம்பி இருந்தான்யா. ஆறு வயசுல போயிட்டான். அவனுக்கு நான் இன்னும் அழவே இல்ல."