ஒன்று போடச் சொன்னது நான்தான்

அண்ணன் லாரி ஓட்டுகிறார். சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகிப் பல காலமாகிறது. அந்தக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகும் வேலை. போகிற இடமெல்லாம் என்னைப் பற்றிப் பீற்றிக்கொள்வார். "என் தங்கச்சி சிலிபின்ல நம்ம வீட்ல உக்காந்துக்கிட்டே தென் துருவத்து ஐஸ அளக்குதுலா." கேட்கும்போது எனக்கும் உச்சி குளிர்ந்துபோகும். பொய் சொல்வானேன்.

நான் ஒரு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். துருவப் பனியைப் பற்றிய செயற்கைக்கோள் தரவுகளை எல்லாரும் சேர்ந்து நிரல் எழுதி ஆராய்கிற இணையப் பட்டறை ஒன்றில் ஐந்து நாள் சேர்ந்தேன். இரண்டு பேருக்கு ஒரு ஜோடி. ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் தட்டச்சு செய்ய வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும். என் மடிக்கணினியோ கிழடு. கோப்பைத் திறந்தாலே உறைந்துபோகும். அதனால் நாங்கள் மாறவே இல்லை. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அவள் பெரு நாட்டுக்காரி. எங்களுக்குக் காலை ஏழு மணி, அவளுக்கு முந்தின நாள் மாலை. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு கையால் தட்டுவாள். பட்டறையை நடத்திய வழிகாட்டியிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் கிடைத்தால் மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிடும் என்று இரண்டாம் நாளே என்னிடம் சொன்னாள். நான் வந்ததும் அந்தக் கடிதத்துக்காகத்தான். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

செயற்கைக்கோள் லேசர் ஒளியைப் பனிமேல் பாய்ச்சி உயரத்தை அளக்கிறது. சில நேரம் ஒளி மேகத்தில் பட்டுத் திரும்பிவிடும். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் பூஜ்யமோ ஒன்றோ இருக்கும், நம்பலாமா கூடாதா என்று. எங்கள் அலுவலகத்தில் எல்லைக்கல் சரியாக இருந்தால் ஒன்று, காணவில்லை என்றால் பூஜ்யம். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான் எழுதுகிறேன். எனவே ஒன்று உள்ளதை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"தரவோடு வந்த குறிப்பேட்டை ஒருமுறை பார்த்துவிடலாமா?" என்று அவள் கேட்டாள்.

"தேவையில்லை, எனக்குத் தெரியும். ஒன்று போடு." இணைப்பு விட்டு விட்டு வந்ததால் இரண்டு மூன்று தடவை கத்தினேன். கூடத்தில் அண்ணன் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் எல்லார் முன்னாலும் எங்கள் படத்தைக் காட்டினோம். பனி எங்கோ ஆகாயத்தில் நின்றது. அந்தத் தரவில் பூஜ்யம்தான் நல்லது. நல்ல புள்ளிகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மேகத்தின் உயரத்தை அளந்திருக்கிறோம். வழிகாட்டி சிரித்தபடியே கோப்பைத் திறந்தார். எந்த வரியை யார் சேர்த்தது என்று அதில் பெயரோடு பதிவாகியிருக்கும். அந்த வரிக்குப் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது.

"இது யார்?" என்றார். குற்றம் சொல்லும் குரலில்லை, சும்மா கேட்டார்.

அவள் எனக்காகக் கொஞ்சம் காத்திருந்தாள் என்று இப்போது புரிகிறது. என் விரல் மைக் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவில்லை.

"நான்தான் தட்டினேன். பார்த்திருக்க வேண்டும், சாரி," என்றாள். குழந்தை அவள் காதோலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

யாராவது திருத்த முடியுமா என்று வழிகாட்டி கேட்டதும் மைக்கை அழுத்தினேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. அதுவரை செத்துக் கிடந்த விரலுக்கு அப்போது மட்டும் உயிர் வந்துவிட்டது. ஒன்றைப் பூஜ்யமாக்கினேன். கிழட்டு மடிக்கணினியும் அன்றைக்குப் பார்த்து உறையவில்லை. படம் சரியாக வந்தது. "நல்ல கண்" என்று பாராட்டினார். கடிதம் எனக்கு வந்தது.

இணைப்பை மூடியதும், கூடத்தில் இருந்த அண்ணன் கேட்டார். "அந்தப் பொண்ணு எதுக்கு சாரி சொல்லுச்சு? 'வன் போடு, வன் போடு'ன்னு கத்துனது நீதானே?"

"அவதாண்ணே டைப் பண்ணா."

"ஓ," என்றார். "சரிலா." சாவியை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் பகுதிநேரப் படிப்பில் சேர்ந்தேன். அவளுக்கு நாலு முறை எழுத உட்கார்ந்து நாலு முறையும் அழித்துவிட்டேன். கோப்பு இன்னும் இணையத்தில் இருக்கிறது. தப்பான வரிக்குப் பக்கத்தில் அவள் பெயர், திருத்திய வரிக்குப் பக்கத்தில் என் பெயர்.

போன மாதம் லகாட்டில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். பந்தியில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதிர் வரிசையிலிருந்து அத்தை அண்ணனைப் பார்த்து, "உன் தங்கச்சி இன்னும் அந்த ஐஸ அளக்குதாப்பா?" என்று கேட்டார். வழக்கமாக இந்தக் கேள்விக்கு அண்ணன் கால் மணி நேரம் பேசுவார்.

"அதுகிட்டயே கேளுங்க அத்த," என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணனும் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் பார்த்தார்.

"ஆமா அத்த, அளக்குறேன்," என்றேன்.

அண்ணன் பாயசத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை. இலையை மடித்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.