மண்டோருக்கு வைத்த பொட்டு

ரோபோவோடு வேலை பார்க்கிறவர்களிடம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்பதுதான் இப்போது என் தொழில். யாரிடமாவது குறை கேட்டு அலைந்திருந்தால் உங்களுக்கும் தெரியும், முதலில் வருகிற பதில் ஒருபோதும் உண்மையாக இருக்காது. கம்பெனி கேட்டுக்கு வெளியே நின்று தொழிற்சங்கத் துண்டறிக்கை கொடுத்தே வயதானவன் நான். இன்று அதே கேட்டுக்குள் கூப்பிட்டு டீ தருகிறார்கள். தொழிலாளிகள் என்னிடம்தான் மனம் திறப்பார்களாம். அது சரிதான். அதைச் சம்பாதிக்க நான் பட்டது எனக்குத் தெரியும்.

நல்லா இருக்கு

சிம்பாங் ரெங்கத்தில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலை. ரோபோக் கை பாக்கெட்டுகளை எடுத்து வைக்க வைக்க, பெண்கள் பெட்டியில் அடுக்க வேண்டும். அவர்களில் ஒருவரான லெட்சுமியிடம் கேட்டேன். "நல்லா இருக்கு" என்றார். பின்னால் சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

அவர் நகர்ந்ததும் மறுபடி கேட்டேன். முன்பெல்லாம் ஒருத்தி டாய்லெட்டுக்குப் போனால் பக்கத்தில் நிற்பவள் சமாளித்துக்கொள்வாளாம். இப்போது பக்கத்தில் நிற்பது ரோபோ. லெட்சுமி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அதுக்கு ஒண்ணுக்கு வராது அண்ணே. எனக்கு வருது."

பெயர் சூட்டல்

காலையில் சிறிது நேரம் ரோபோக் கையை நிறுத்துங்கள் என்று மேனேஜர் லிம்மிடம் கேட்டேன். லைன் நிற்கக்கூடாது என்றார். "அவர்களுக்கு அதன்மேல் பாசம். மண்டோர் என்று பெயர்கூட வைத்திருக்கிறார்கள், எழுதிக்கொள்ளுங்கள்" என்று மகிழ்ந்தார்.

பாலோ ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த லெட்சுமிக்கு, மண்டோர் என்றால் கூலிகளை வேலை வாங்கும் கங்காணி என்று தெரியும். பாசமா என்று கேட்டேன். "எங்கப்பாவ வெரட்டி வேல வாங்குன மண்டோருகூட வெத்தல போட நிப்பாரு லா. இது அதுக்கும் நிக்காது."

ஆயுத பூஜை

ஆயுத பூஜையன்று எல்லா இயந்திரங்களுக்கும் திருநீறு, சந்தனம், குங்குமம். ரோபோக் கைக்கு லெட்சுமி பொட்டு வைத்தார். வைத்த இடம் அதன் கேமராக் கண்ணாடி. தேங்காய் உடைத்து லைனை ஓடவிட்டால், கை அசையவில்லை. லிம் வேகமாக வந்தபோது டாய்லெட் வாசலில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள்.

யார் வேலை இது என்று கேட்டார். லெட்சுமி முன்னால் வந்தார். "நெத்தியிலதான் பொட்டு வைப்போம், பாஸ். இதுக்கு நெத்தி எங்கன்னு யாரும் சொல்லலியே." லிம்முக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேறு நடவடிக்கை இல்லை.

கண் துடைப்பு

எனக்கு அது போதும். கம்பெனிக்குக் கொடுக்கும் அறிக்கையில் தொழிலாளி, ஓய்வு என்ற சொற்களையே நான் எழுதவில்லை. மாவுத் தூசி படிந்தாலும் கேமரா மறையும். தினமும் காலையிலும் மாலையிலும் கையை நிறுத்தித் துடைப்பது ரோபோவுக்கு நல்லது என்று எழுதினேன். மறுநாளே ஒப்புதல் வந்தது.

அடுத்த முறை போனபோது கை நின்றிருந்தது. டெக்னீஷியன் மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். லெட்சுமி கையுறையைக் கழற்றியபடி கூப்பிட்டார்: "மண்டோருக்கு மொகம் கழுவுறாங்க, வாங்கடி, போய்ட்டு வந்துருவோம்."

மனிதருக்கு ஓய்வு கேட்டே காலம் கழித்த எனக்கு, கடைசியில் அதை வாங்கித் தந்தது ஓர் இயந்திரத்தின் உடல்நலம்.