கடல் இல்லாத நாடு

தேக்கா சந்தையில் எனக்கு வழக்கமாக மீன் கொடுக்கும் பெரியவர், கேட்காமலே செவுளைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் நிறுப்பார். அன்று காட்டவில்லை. முகம் வாடியிருந்தது. எனக்குக் கூச்சம், இருந்தாலும் என்னவென்று கேட்டேன்.

"மகளுக்கு மலாவியில டீச்சர் வேலை, தம்பி. ஆப்பிரிக்கா. நான் சரின்னு சொன்னாத்தான் போவாளாம். சுத்தி மூணு நாடாம் லா, கடலே கிடையாதாம். மீன்காரன் மக மீன் இல்லாம எப்படி இருப்பா?"

கைப்பேசியில் வரைபடத்தைத் தேடினேன். தான்சானியா, சாம்பியா, மொசாம்பிக் மூன்றுக்கும் நடுவே மலாவி ஒடுங்கி நீண்டு கிடந்தது. அதன் கிழக்கு ஓரத்தில் பெரும்பகுதி நீலமாக இருந்தது. அந்த நீலத்தைத் தொட்டதும் படகுகளின் படம் ஒன்று வந்தது.

"அண்ணே, இது பெரிய ஏரி. மீன் படகெல்லாம் போகுது பாருங்க."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படகுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். உடனே மகளை அழைத்தார்.

"போயிட்டு வாம்மா. ஏரி மீனு மண்வாடை அடிக்கும், புளியக் கொஞ்சம் கூடப் போடு."

தூரத்தைப் பற்றியோ அங்கே வரும் மலேரியாக் காய்ச்சலைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீன்தான் அவருடைய ஒரே கவலையா, இல்லை சரி சொல்ல ஒரு சாக்குக்காகக் காத்திருந்தாரா என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.