பேத்தியின் துணி டயபர்

என் பேத்திக்கு ஐந்து மாதம் ஆனபோது, பாக்கெட் டயபரால் அவள் தொடைமடிப்பில் சிவந்த தடிப்பு வந்தது. துணிக்கு மாறலாம் என்றவள் என் மருமகள். எந்தத் துணி என்பதை நான் தீர்மானிக்கிறேன் என்றவன் நான். முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் ஒரு சதுரத் துணியைத் தேர்ந்தெடுக்க அஞ்ச வேண்டியதில்லை.

மருமகள் கைப்பேசியில் யானையும் வாத்தும் அச்சிட்ட, பட்டன் வைத்த வகைகளைக் காட்டினாள். வெளிப்புறம் செயற்கை இழை என்று கண்டதும் மறுத்தேன். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் நாங்கள் வழக்கமாகத் துணி எடுக்கும் பாயிடம் சென்று, ஆறு மடிப்பாகத் தைத்து ஓரத்தில் நாடா வைத்த வெள்ளைப் பருத்தித் துணிகளை இரண்டு டஜன் வாங்கினேன். துவைக்கும் பொறுப்பையும் ஏற்றேன். என் மனைவிக்கு மூட்டுவலி. மருமகளோ மறைமலை நகர்த் தொழிற்சாலையில் விரைவில் வேலைக்குத் திரும்ப வேண்டியவள்.

முதல் வாரம் குறையில்லை. ஆனால் எங்கள் போர்வெல் நீரின் உப்பு, வெயிலில் காய்ந்த துணியை அப்பளம்போல் விறைக்கச் செய்தது. அது குழந்தையின் தோலில் உராயக் கூடாதென்று, கடைசி அலசலில் வாசனை சாஃப்ட்னர் இரண்டு மூடி ஊற்றினேன். துணி பூப்போல ஆயிற்று. யாரிடமும் சொல்லவில்லை, சொல்லுமளவு பெரிய செயலாக எனக்குத் தோன்றவில்லை.

அதன்பின் ஒழுகத் தொடங்கியது. கட்டிய சற்று நேரத்திலேயே விரிப்பு நனைந்தது, தூக்கியவர் மடியும் நனைந்தது. சனிக்கிழமை காலை மருமகள் தயங்கித்தான் சொன்னாள்:

"மாமா, திங்கள்லருந்து நான் ஆபீஸ் போயிடுவேன். இது சரிவரலைன்னா பாக்கெட்டுக்கே போயிடலாம். தடிப்புக்கு ஆயின்ட்மென்ட் போட்டுக்கலாம்."

குழந்தையின் தோலும் என் சொல்லும் ஒருசேரக் கேள்விக்குள்ளான கட்டம் அது. காய்ந்த துணிகள் சிலவற்றைப் பையிலிட்டுக் கடைக்குப் போனேன். நாலைந்து வாடிக்கையாளர் நின்றிருந்தனர். அவர்கள் முன்னிலையில், "இதைப் பருத்தி என்று சொல்லி விற்றிருக்கிறீர்கள்" என்று குரலை உயர்த்தினேன்.

பாய் என் துணி ஒன்றை மேசையில் விரித்து, பக்கத்தில் புதியது ஒன்றையும் விரித்தார். குடிநீர் பாட்டிலிலிருந்து இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு விட்டார். புதியதில் சொட்டு மறைந்தது. என்னுடையதில் அது சேப்பங்கிழங்கு இலையில் நிற்பதுபோல் உருண்டு நின்றது.

"இன்னா சார் போட்டு அலசறீங்க? வாசனை தூக்குது."

"சாஃப்ட்னர்."

"அதான். துணி ரெயின்கோட்டா மாறிடுச்சு சார். இன்னும் ரெண்டு வாரம் விட்டா குடை தைக்கலாம்."

நின்றவர்கள் சிரித்தனர். சாஃப்ட்னர் இழையின்மேல் கொழுப்புப் படலம் ஒன்றைப் பூசுகிறது; துணி வழுவழுப்பாவதும் நீரை உறிஞ்ச மறுப்பதும் அதனால்தான். கரும்பலகையில் நான் எத்தனையோ முறை வரைந்த படம். பையை எடுத்துக்கொண்டு பேசாமல் வந்திருக்கலாம். ஆனால் பழி சொன்னது அத்தனை பேர் காதில் விழுந்திருந்தது. அவர்கள் கலையும் முன்பே, அதே குரலில், "பிழை என்னுடையது, பாய். துணியில் குறையில்லை" என்றேன்.

"அட, விடுங்க சார். சுடுதண்ணில நாலு தபா அலசுங்க. வெறைப்பா இருந்தா கையால கசக்குங்க, போதும்."

அன்றே கொதிநீரில் சலவை சோடா இட்டு ஊறவைத்து, நான்கு முறை அலசினேன். மறுநாள் காய்ந்ததும் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நீர் விட்டுச் சோதித்தேன்; எதிலும் சொட்டு நிற்கவில்லை. என்ன செய்கிறேன் என்று கேட்ட மருமகளிடம் நடந்ததை மறைக்கவில்லை.

"மாமா, நீங்க கெமிஸ்ட்ரி ப்ரொஃபசர்தானே?"

"ஆகவேதான் காரணத்தையும் சேர்த்துச் சொல்ல முடிகிறது."

அவள் சிரித்தாள். திங்கட்கிழமை காலை, சலவை செய்த வெள்ளை வேட்டி உடுத்தி, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அவளை வழியனுப்பினேன். மாலை அவள் திரும்பியபோதும் என் வேட்டி உலர்ந்தே இருந்தது. இடையில் எட்டு முறை துணி மாற்றினேன். அதை அவள் கேட்கவில்லை.