பூவாடைக்காரியின் தங்கை

கம்பெனி பஸ் ஆரணியை விட்டு நகர்ந்ததும் பானுப்ரியா துப்பட்டாவின் நுனியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்வாள். காற்றில் பறந்து முகத்தில் அடித்தால் வசனம் தடைப்படும். பிறகு போனை எடுத்து, வலதுகைக் கட்டைவிரல் ஒன்றாலேயே, செத்துப்போன ஒரு பெண் தன் காதலனிடம் பேசுவதைத் தட்டத் தொடங்குவாள். செய்யாறு தொழிற்பேட்டை வாசலில் பஸ் நிற்பதற்குள் ஓர் அத்தியாயம் முடிந்தாக வேண்டும். தொழிற்சாலைக்குள் போனுக்கு அனுமதி இல்லை. காவலாளியின் மேசையில் அதை ஒப்படைத்துவிட்டுப் போனால் சாயங்காலம்தான் அந்தப் பெண்ணுக்கு மறுபடி பேச்சு வரும்.

உள்ளே அவளுக்குக் காலணிகளைச் சரிபார்க்கும் வேலை. இடது, வலது இரண்டையும் பக்கத்தில் வைத்து, தையல் ஒன்றுபோல ஓடியிருக்கிறதா, பசை வெளியே வழிந்திருக்கிறதா என்று பார்த்து, சேராத ஜோடியைத் தனியே ஒதுக்க வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். “கால் வலி பெரிசில்லக்கா. கதையில ஒரு எடம் சிக்கிகினா, அதான் பேஜாரு” என்பாள். வயது இருபத்தாறு. ஒல்லி. யாராவது பேசும்போது அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பதில் சொல்ல மறந்துவிடுவாள்.

அவள் எழுதுவதெல்லாம் பேய்க் காதல் கதைகள். செல்போன் செயலி ஒன்றில் வாரம் இரண்டு அத்தியாயம் வரும். படிப்பவர்கள் பிளஸ் டூ மாணவிகளும் கல்லூரிப் பெண்களும். பாடப் புத்தகத்துக்குள் போனை ஒளித்துவைத்துப் படிக்கிற கூட்டம். சென்னைப் பதிப்பகம் ஒன்று ‘கலசத்தில் வந்தவள்’ என்ற அவளுடைய நாவலைப் புத்தகமாகவும் போட்டது. அட்டையில், தலைவிரிகோலமாக வெள்ளைச் சேலையில் ஒருத்தி. அதைப் பார்த்துவிட்டுப் பானுப்ரியா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “என் பொண்ணு தலை பின்னி, பூ வெச்சிகினு, கலர் பொடவைல இருப்பா. இவ யாரு சார்?” என்று பதிப்பாளரிடம் கேட்டாள். அவர் சிரித்தார்.

அவளுடைய பேய்கள் புளியமரம் ஏறுவதில்லை. டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்காரும். கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் தாண்டிப் போவார். வருடத்துக்கு ஒரு புதுச் சேலைதான் கட்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அவற்றுக்கு வயது ஏறும். இருபதில் செத்தவள் ஏழாவது அத்தியாயத்தில் இருபத்து மூன்று வயதுக்காரியாக வந்து நிற்பாள். “பேய்க்கு ஏன் அக்கா வயசாவுது?” என்று வாசகிகள் கேட்பார்கள். பானுப்ரியா அதற்கு மட்டும் பதில் போடுவதில்லை.

கதைக்குச் சரக்கு அவளுக்குப் பஸ்ஸிலேயே கிடைத்துவிடும். பக்கத்து சீட்டுக்காரி பொன்னியம்மாள் கணவனை இழந்தவள். இன்று என்ன குழம்பு என்று மற்றவர்கள் விசாரிப்பதுபோலச் சாதாரணமாக, “உங்க ஊட்டுக்காரர்கிட்ட கடைசியா இன்னாக்கா பேசினீங்க?” என்று இவள் கேட்டாள். பொன்னியம்மாள், “வரும்போது கருவேப்பிலை வாங்கிகினு வான்னேன்” என்றாள். அவ்வளவுதான். அடுத்த வாரம் அத்தியாயத்தில் ஒரு மனிதன் கருவேப்பிலைக் கொத்தோடு தன் வீட்டு வாசலில் நின்றான். உள்ளே போகத்தான் முடியவில்லை. அதைப் படித்துவிட்டு நூற்றுக்கணக்கான பெண்கள் அழுதோம் என்று எழுதினார்கள். பொன்னியம்மாளும் அழுதாள். ஆனாலும் சாயங்கால பஸ்ஸில் இவள் தூங்கி அவள் தோளில் விழும்போது கேலி செய்யாமல் விடமாட்டாள்: “பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறிதான் ஆவணும். தூங்குடி, தூங்கு.”

ஆரணிக் கல்லூரி ஒன்றில் விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, “அக்கா, இந்த மாதிரி எழுத உங்களுக்கு இன்ஸ்பிரேஷன் யாரு?” என்று கேட்டாள். “வேலூர் பஸ்” என்றாள் பானுப்ரியா. அரங்கமே சிரித்தது. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அக்கா ரேணுகாதேவி ஆரணியிலிருந்து வேலூர்க் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வந்தவள். வழியில் கண்ணமங்கலத்தில் ஏறுவான் அன்பழகன். வேலூரில் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றும் தொழில் பழகிக்கொண்டிருந்தான். இரண்டு வருடம் ஒரே பஸ். அவன் வேறு சாதி. பட்டு நெய்கிற வீட்டில் அப்பா லோகநாதனிடம் அதைச் சொல்ல ரேணுகாவுக்குத் துணிச்சல் வரவில்லை. தங்கையிடம் மட்டும் சொல்லியிருந்தாள். ஒன்பது வருடத்துக்கு முன் டெங்குக் காய்ச்சல் ஐந்தே நாளில் அவளைக் கொண்டுபோனது. அவளுக்கு இருபது, தங்கைக்குப் பதினேழு.

பந்தலில் அக்கா கிடந்தபோது தெருமுனையில் ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றுகொண்டிருந்தான். யாரும் அவனை யாரென்று கேட்கவில்லை. பானுப்ரியாவுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அவனை உள்ளே கூப்பிடக்கூடியவள் அவள் ஒருத்திதான். அப்பாவுக்குப் பயந்து கூப்பிடவில்லை. பாடை தெருவைத் தாண்டும்போது அவன் சுவரோடு ஒட்டி நின்று, வழிப்போக்கனைப் போல வழிவிட்டான். அந்த ஒரு காட்சியைத்தான் இதுவரை அவள் பதினொரு நாவல்களாக எழுதியிருக்கிறாள். அவன் வர முடியாத வீட்டிலிருந்து அக்காவை அவனிடம் அனுப்பிக்கொண்டே இருக்கிறாள்.

ஆரணிப் பக்கத்து வீடுகளில் இறந்த பெண் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. பூவாடைக்காரியாகிவிடுவாள். ஆடியில் அவளைக் குளத்திலிருந்தோ கிணற்றிலிருந்தோ கலசத்தில் அழைத்துவந்து, பூச்சூட்டி, புதுச் சேலை வைத்துப் படைப்பார்கள். அம்மா ராஜம்மாள் முதல் வருடம் ரேணுகாவுக்குப் பாவாடை தாவணி வைத்தாள். போன ஆடியில் கடைக்காரரிடம், “இந்தக் கலர் சின்னப் பொண்ணுங்களுக்கு எடுக்கறது. இருபத்தொன்பது வயசுக்கு அடக்கமா காட்டுங்க” என்று கேட்டு வாங்கினாள். படைத்த சேலையை வீட்டுப் பெண்தான் கட்ட வேண்டும். ஒன்பது வருடமாகப் பானுப்ரியா அக்காவின் வயதையும் சேர்த்து உடுத்துகிறாள்.

இதுவரை சொன்னதில் அவள்மேல் குற்றம் எதுவும் இல்லை. இனிச் சொல்வதில் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் கண்ணமங்கலம் பஸ் நிறுத்தத்தில் அன்பழகனைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். உறவுக்காரப் பெண்ணோ, கல்யாணத்துக்குப் பார்த்திருக்கிற பெண்ணோ தெரியாது. அவள் ஏதோ சொல்ல, அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவ்வளவுதான், பானுப்ரியாவுக்கு வயிறு எரிந்துவிட்டது. மறுநாள் காலை கம்பெனி பஸ் வழியில் பஞ்சரானது. டயர் மாற்றி முடிக்கிற நேரத்துக்குள் அவள் ஒரு சட்டம் எழுதினாள்: கன்னியாக இறந்தவளை நேசித்தவன், அவள் தங்கை கழுத்தில் தாலி ஏறும்வரை வேறு ஒருத்திக்குத் தாலி கட்டக் கூடாது, கட்டினால் பூவாடைக்காரி தாகத்தோடு அவன் வாசலில் வந்து நிற்பாள். அப்படி ஒரு முறை எந்த ஊரிலும் கிடையாது. ஆனால் அத்தியாயம் வந்த அன்றே “எங்க ஊர்லயும் இப்படித்தான் சொல்வாங்க அக்கா” என்று திருவண்ணாமலையிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் பெண்கள் எழுதினார்கள். பானுப்ரியா மறுக்கவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், “பூவாடைக்காரி ரேணுகா ஊடு இதுதானுங்களா?” என்று கேட்டுக்கொண்டு படியேறினாள். கையில் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மூன்று ஜாதகம். தன் பெயர் கெங்கம்மாள், கண்ணமங்கலம் என்றாள்.

“உங்க சின்னப் பொண்ணுக்கு வரன் கொண்ணாந்துகிறேன். மூணு பேருமே உங்க ஆளுங்கதான், நல்லா விசாரிச்சிட்டேன். எந்தப் பையனா இருந்தாலும் சரி, ஜல்தியா முடிச்சிடுங்கம்மா.”

ராஜம்மாள் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தவள், கையில் மாவோடு எழுந்துவந்தாள். “நீங்க யாருன்னே எங்களுக்குத் தெரியலையே. எங்க பொண்ணு கல்யாணத்துல உங்களுக்கு இன்னாம்மா அவசரம்?”

“எம் புள்ளைக்கு முப்பத்தொண்ணு ஆவுது. பாக்கற பொண்ணையெல்லாம் வேணாம் வேணாம்ன்றான். இன்னாடான்னா, உங்க சின்னப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆவணுமாம், அப்பதான் உங்க பெரிய பொண்ணு அவன வுடுவாளாம்.” கெங்கம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “நான் இருக்கறதுக்குள்ள அவன் ஒரு வாய் சோறு ஒருத்தி கையால துண்றத பாக்கணும்மா.”

உள்ளே தறிச் சத்தம் நின்றது. லோகநாதன் தறிக்குழியிலிருந்து எழுந்துவரவில்லை. சத்தம் மட்டும் நின்றது.

“பெரிய பொண்ணா? எங்க ரேணுவா?” ராஜம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். “யாருடி இவங்க புள்ள?”

பேசாமல் இருந்துவிடலாம் என்று பானுப்ரியாவுக்குத் தோன்றியது. ஊர் மாறி, வீடு மாறி வந்துவிட்டீர்கள் என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடலாம். அக்கா இந்த வீட்டில் தெய்வம். அவள் காதலித்தாள் என்று அப்பா காதில் விழ வேண்டியதில்லை. ஆனால் கண்ணமங்கலத்தில் ஒருவன், இவள் வயிற்றெரிச்சலில் தட்டிய நாலு வரிக்காகத் தனியாகவே கிழவனாகிவிடுவான். அன்று தெருமுனையில் நிற்கவிட்டது போதாதா என்று இருந்தது.

“அன்பழகன்மா. அக்கா காலேஜ் போறப்ப ஒரே பஸ். அக்காவுக்கு அவர் மேல உசிரு.” தறி இருந்த பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். “எனக்கு அப்பவே தெரியும்ப்பா. நான்தான் சொல்லல.”

பானுப்ரியா கெங்கம்மாள் அருகில் உட்கார்ந்தாள். “அந்த முறை நான் எழுதினதுங்க. கதைக்காக. அப்படி ஒண்ணும் கிடையாது. நீங்க தாராளமா பொண்ணு பாருங்க.”

கெங்கம்மாள் நம்பவில்லை. “போம்மா. எங்க ஊர்ல பூவாடைக்குப் பாடற பம்பைக்காரரே இத்தச் சொல்றாரு. நீ பொறக்கறதுக்கு முந்தியே இருக்கற முறை. நீ எப்படி எழுதியிருப்ப?”

தான் அவிழ்த்துவிட்டது தன் கையை விட்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பானுப்ரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. “அவருக்குப் போன் போடுங்க. நானே சொல்றேன்” என்றாள்.

கெங்கம்மாளின் போன் பழைய போன். அந்தப் பக்கம் பேசுவது வீடு முழுக்கக் கேட்கும். பானுப்ரியா பெயரைச் சொன்னாள். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவனோடு பேசினாள். பஸ் நிறுத்தத்தில் பார்த்தது, கோபம் வந்தது, மறுநாள் எழுதியது எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். “உங்கள பழி வாங்கத்தான் எழுதினேன். அக்கா அப்படிக் கேக்கறவ இல்ல. என்ன மன்னிச்சிடுங்க.”



“கதைதான்னு எனக்குத் தெரியும் பானு. நீ எழுதறத எல்லாம் படிச்சிகினுதான் இருக்கேன்” என்றான் அன்பழகன். “ரேணு செத்தப்ப எனக்குத் தீட்டும் இல்ல, கருமாதியும் இல்ல. மறுநாள் வேலைக்குப் போனேன். எத்தினி நாள் துக்கம் காக்கணும்னு எனக்கு யாரும்மா சொன்னாங்க? நீதான் மொதல்ல ஒரு கணக்கு சொன்ன. அதான் புடிச்சிகினேன்.”

கெங்கம்மாள் ஜாதகங்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ராஜம்மாள் அழவில்லை. மாவுக் கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்பதுபோலப் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் பெண்ணின் பெயரை இப்படிச் சுருக்கி, இவ்வளவு உரிமையோடு, வெளி ஆள் ஒருவர் சொல்லி அவள் கேட்டதில்லை.

“அம்மா இங்கதான் இருக்காங்க” என்றாள் பானுப்ரியா போனில்.

எழுந்துபோய், அம்மாவின் காதோரத்து முடியை ஒதுக்கி, போனை அந்தக் காதில் வைத்தாள். ராஜம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பானுப்ரியா கையை எடுக்காமல் போனைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.