ஜகதாம்பாள் லீவு போட்ட நாள்

இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் ஜகதாம்பாள் அக்கா யார் என்று இந்த ஊரில் நாலு பேருக்காவது தெரியட்டும்.

அக்கா கோலார் தங்கவயல்காரி. அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். சுரங்கம் மூடியபின் விடியுமுன்னே பெங்களூருக்கு ரயிலேறும் கூட்டத்தில் இவளும் சேர்ந்துகொண்டாள். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் பதினோரு வருடமாகக் காண்ட்ராக்ட் வேலை. நான் பிரிஜெட், லிங்கராஜபுரம், அதே லேபில் பெருக்கித் துடைக்கிறவள்.

அந்த லேபில் ஒரு குவாண்டம் எந்திரம் இருக்கிறது. விண்வெளியைவிடக் குளிரானது என்று பீற்றிக்கொள்வார்கள். அதன் பக்கத்தில் ஒரு தொட்டி. அதில் காலையும் மாலையும் திரவ நைட்ரஜன் ஊற்ற வேண்டும். தொட்டி வற்றினால் எந்திரத்துக்குள் குழாய் அடைத்துக்கொள்ளும், மாதக்கணக்கான சோதனை நாசமாகும். ஞாயிறு, தீபாவளி பார்க்காமல் வந்து ஊற்றியவள் அக்காதான். அவளுக்குக் கொடுத்திருந்த பெயர் 'ஹெல்ப்பர்'.

அவள் கேட்டது ஒரே ஒரு நாள் லீவு. ஏப்ரல் பதினான்கு, பாபாசாகேப் பிறந்தநாள். அவர்கள் குடியிருக்கும் சுரங்க லைன் வீடுகளில் பெண்களே படத்தைத் தூக்கி ஊர்வலத்தின் முன்னால் நடப்பது இந்த வருடம்தான் முதல் தடவை. ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்து, லேபை நடத்தும் புரொபசரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டாள்.

அதே நாள்தான் உலக குவாண்டம் தினமாம். ஏதோ ஒரு எண்ணில் நாலு, ஒன்று, நாலு என்று வருகிறதாம், அதனால் நாலாம் மாதம் பதினாலாம் தேதியாம். கொண்டாடட்டும், எனக்கென்ன. பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டு லேபைத் திறந்து காட்டுவது என்று முடிவானது. ஊற்றுகிற வேலையை ஆராய்ச்சி மாணவன் அஷ்வினிடம் விட்டார்கள். முதல்நாள் அக்கா ஊற்றிக் காட்ட, அவன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டான்.

"தம்பி, இந்த ஒரு கேன் தொட்டிக்கு மட்டும். வேற எதுக்கும் தொடாதீங்க."

"ஓகே ஆன்ட்டி, நான் பாத்துக்கிறேன்."

நல்லாத்தான் பார்த்துக்கொண்டான். ரோஜாப்பூவை நைட்ரஜனில் முக்கி எடுத்து, தரையில் போட்டுக் கண்ணாடி மாதிரி உடைத்துக் காட்டினான். பிள்ளைகள் கைதட்டக் கைதட்ட இன்னும் பூ, இன்னும் நைட்ரஜன். மதியத்துக்குள் தொட்டிக்கென்று அக்கா வைத்துவிட்டுப் போன கேனும் காலி. அவன் கடைசிச் சொட்டுவரை கவிழ்த்ததை, உடைந்த இதழ்களைக் கூட்டிக்கொண்டிருந்த நான் பார்த்தேன். சாயங்காலம் தொட்டி வற்றி, குழாய் அடைத்துவிட்டது.

பழியை அக்கா தலையில் கட்டினார்கள். இரண்டாம் நாள் விசாரணை. நிர்வாக அதிகாரி ரவிக்குமார் ஆங்கிலத்தில் அடித்த ஒரு கடிதத்தை நீட்டினார். கேன் வைக்காமல் போனது தன் கவனக்குறைவு என்று அக்காவே மன்னிப்புக் கேட்பதாக எழுதியிருந்தது. கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்:

"சும்னே ஒரு சைன் போடும்மா. காண்ட்ராக்ட் ரினியூ ஆகணுமா வேணாமா?"

"கேன் வெச்சுட்டுத்தான் சார் போனேன். இந்தப் பொண்ணு அன்னிக்கு இங்கதான் இருந்துச்சு. கேளுங்க."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் காண்ட்ராக்டும் அதே மாதம்தான் முடிகிறது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான்.

"நான் கவனிக்கல சார்" என்றேன்.

அஷ்வின் தலைகுனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். புரொபசர் ஜன்னலைப் பார்த்தார். அக்கா அந்தக் கடிதத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தமிழில் எழுதினாள்: 'பதினான்காம் தேதி எனக்கு லீவு. கேட்டு வாங்கிய லீவு. கேன் வைத்துவிட்டுத்தான் போனேன். ஜகதாம்பாள்.' எழுதியதை ரவிக்குமார் முன்னால் தள்ளிவிட்டு எழுந்தாள்.

கேட்டில் அவளுடைய பாஸை வாங்கிக்கொண்டார்கள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா..."

"விடுடி. நீ சொல்லியிருந்தா உன்னையும் சேத்து அனுப்பியிருப்பானுங்க. பசங்களுக்கு யாரு சோறு போடுவா?"

அதற்குப் பதிலாக அவள் என்னை ஓங்கி ஒரு அறை அறைந்திருக்கலாம். அவர்கள் மேல் எனக்கு வருகிற ஆத்திரம் பெரிதுதான். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்ற என்மேல் வருவது அதைவிடப் பெரிது.

மறுநாள் காலை, தொட்டிக்கு ஊற்றும் கேனை என் கையில் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.