ஒரு விரலுக்கு ஓடிய ஆடு

இரண்டு வருடங்களுக்கு முன், ஓசூரில் நான் வேலை பார்க்கும் வாகன உதிரிபாகக் கம்பெனியின் கேன்டீனில் நடந்தது இது.

எனக்குச் சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. நாள் முழுக்கப் பாகங்களை அளந்து பார்த்து, தேறாததை ஒதுக்கும் வேலை. வார விடுமுறையில் ரூமில் சும்மா படுத்திருப்பானேன் என்று, பழைய லேப்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு மொபைல் கேம் செய்யப் பழக ஆரம்பித்தேன். வீடியோக்களைப் பார்த்துத்தான் படிப்பு.

முதல் கேமுக்கு குந்தாரப்பள்ளி ஆட்டுச் சந்தையை எடுத்துக்கொண்டேன். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் ஒரு ஆடு, கூடைகளையும் பள்ளங்களையும் தாண்டித் தப்பிக்க வேண்டும். இடது கட்டை விரலால் திரையின் இடப்பக்கம் அமுக்கினால் ஓடும், வலது கட்டை விரலால் வலப்பக்கம் அமுக்கினால் தாவும். முதல் மூன்று வாரம் ஆடு தரையில் நிற்கவே இல்லை. நேராக மண்ணுக்குள் போய் மறைந்துவிடும். தரையைப் படமாக வரைந்திருந்தேனே தவிர, அதுதான் தரை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லவில்லை. அது சரியான அன்று ரூமில் தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டேன்.

ஐந்து மாதத்தில் கேம் ஒரு வழியாக முடிந்தது. போனில் ஏற்றி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் கொடுத்தேன். ஒரே கூச்சல். யார் அதிக தூரம் போகிறார்கள் என்று போட்டியே நடந்தது. ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் எங்கள் மேஜையில்தான் சாப்பிடுவார். கெலமங்கலத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுபவர், என்னைவிட நாலைந்து வயதுதான் பெரியவர். “அண்ணாவுக்குக் குடு” என்று யாரோ போனை அவர் பக்கம் தள்ளினார்கள்.

அவர் போனை மேஜையில் வைத்து, இடது கை விரல் ஒன்றால் மட்டும் ஆடினார். ஆடு முதல் பள்ளத்திலேயே விழுந்தது. மறுபடியும் ஆடினார், மறுபடியும் விழுந்தது. ஏழெட்டு முறை இப்படியே. மேஜையில் சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டே, “அய்யோ அண்ணா, ரெண்டு கையாலயும் புடிச்சி ஆடுங்க!” என்றேன்.

அவர் வலது கையை மேஜைமேல் எடுத்து வைத்தார். “எந்த விரலால அமுக்கறதும்மா?” என்றார். கோபமே இல்லாத குரல்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் அந்தக் கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. அதற்குள் நாலு வருடமாக அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். சிரிப்பு நின்றுவிட்டது. அவரோ, “ஆடு சோக்கா இருக்குது” என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார். நான் மீதிச் சோற்றைக் கொட்டிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் உடும்மா” என்று முடித்துவிட்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை. அந்த வார விடுமுறையில் ஆட்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, பள்ளங்களைச் சின்னதாக்கி, கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு விரலாலேயே கடைசிவரை போய்விட்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் போனைக் கீழே வைத்துவிட்டார்.

“எனக்காக மெதுவாக்கிட்டியா?”

தலையை ஆட்டினேன்.

“பாவம் பாத்து ஜெயிக்க வெக்காதம்மா. ஆடு அதே வேகத்துல ஓடட்டும். ஒரு விரல் போதும்னு பண்ணு, அப்புறம் பாக்கலாம்.”

விரலைக் கேட்ட அந்த முதல் நாளைவிட அன்றுதான் அதிகம் வெட்கப்பட்டேன்.

கேமை ஏறக்குறைய முதலிலிருந்தே செய்ய வேண்டியிருந்தது. ஆடு தானாக ஓடும். திரையில் எங்கே தொட்டாலும் தாவும். அழுத்திப் பிடித்தால் உயரமாகத் தாவும். வேகம் பழைய வேகம், பள்ளங்களும் பழைய பள்ளங்கள். இரண்டு மாத விடுமுறைகள் அதிலேயே போயின. நடுவில் விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. அவரோ ஒருநாள்கூட முடிந்ததா என்று கேட்கவில்லை.

கொடுத்தபோது முதல் இரண்டு முறை விழுந்தார். “ம்ம், இப்பதான் சரி” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த வாரக் கடைசியில் எங்கள் மேஜையில் அவரைத் தாண்டி ஒருவரும் போகவில்லை, என்னையும் சேர்த்து. கம்பெனி பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நின்றபடி இன்னும் சிலர் ஆடுவதைப் பார்த்தேன். இரண்டு கை வேண்டும் என்று நான் முதலில் வைத்ததற்கு, எனக்கு இரண்டு கையும் முழுசாக இருந்தது என்பதைத் தவிர ஒரு காரணமும் கிடையாது.

இப்போது இரண்டாவது கேம் செய்துகொண்டிருக்கிறேன். அது எப்படி வருமோ தெரியாது. ஆனால் ஒருவரைத் தினமும் பார்ப்பது வேறு, அவரை நினைத்துப் பார்ப்பது வேறு என்பது மட்டும், அந்தக் கேன்டீன் மேஜையில் உட்காரும்போதெல்லாம் என்னைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வைக்கிறது.